வாசகர் கேள்வி-பதில்: துணைக்கட்டளை விட்டுப்போனால் புரோகிராம் என்ன சொல்ல வேண்டும்?

டெர்மினல் புரோகிராம்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டிருந்தாலும் எல்லாமே ஒரே இடத்தில்தான் முட்டுகின்றன: புரோகிராமின் பெயரை மட்டும் அடித்து, எந்த வேலை என்று சொல்லும் அடுத்த சொல்லை, அதாவது துணைக்கட்டளையை, விட்டுவிட்டு என்டர் தட்டினால் என்ன நடக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஹார்டுவேர் கடைக்குப் பைத்தானில் சின்னதாக ஒரு சரக்குக் கணக்கு புரோகிராம் எழுதியிருக்கிறேன். பெயர் ஸ்டாக். ஆட், லிஸ்ட், ரிப்போர்ட் என்று மூன்று துணைக்கட்டளைகள். நான் ஓட்டும்போது ஒழுங்காக ஓடுகிறது. கடைப் பையன் வெறும் 'ஸ்டாக்' என்று அடித்து என்டர் தட்டியிருக்கிறான், நாலைந்து வரிக்கு எரர் வந்து, கடைசியில் 'நேம்ஸ்பேஸ்' ஆப்ஜெக்டில் 'ஃபங்க்' என்ற அட்ரிப்யூட் இல்லை என்று நின்றுவிட்டது. கம்ப்யூட்டரையே கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோனான். அடித்த சொற்களைப் பிரித்துப் படிக்கப் பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸ்தான் பயன்படுத்துகிறேன். துணைக்கட்டளை வரவில்லை என்று அதுவே சொல்லாதா?
— விருதுநகர் வாசகர்

பதில்: சொல்லாது, நீங்கள் சொல்லச் சொன்னால்தான் சொல்லும். இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, ஆர்க்பார்ஸின் இயல்பே இப்போது அப்படி. பைத்தான் 2.7-ல் இதே புரோகிராமை ஓட்டியிருந்தால் ஆர்க்யுமென்ட் (பெயருக்குப் பின்னால் அடிக்கும் சொல்) போதவில்லை என்று மொட்டையாக ஒரு வரியாவது வந்திருக்கும். 3.3-ல் கட்டாய ஆர்க்யுமென்ட்களைச் சரிபார்க்கும் பகுதியை மாற்றி எழுதினார்கள், அந்த மாற்றத்தில் துணைக்கட்டளை கட்டாயம் என்பது சத்தமில்லாமல் நழுவிப்போய், இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்று ஆகிவிட்டது. அப்புறம் 3.7-ல் 'ரிக்வயர்ட்' என்று ஒரு அளவுருவைச் சேர்த்தார்கள். ஆனால் அதன் இயல்பு மதிப்பு ஃபால்ஸ், அதாவது நீங்களாகப் போய் ட்ரூ என்று எழுதாதவரை பழைய கதைதான்.

உங்கள் கடையில் நடந்தது இதுதான். ஒவ்வொரு துணைக்கட்டளைக்கும் எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்பதை செட்_டிஃபால்ட்ஸ் மூலம் 'ஃபங்க்' என்ற பெயரில் பதிந்து வைத்திருப்பீர்கள். துணைக்கட்டளை வந்தால்தான் அந்தப் பெயர், ஆர்க்பார்ஸ் படித்ததைப் போட்டுத் தரும் நேம்ஸ்பேஸ் என்ற பெட்டிக்குள் வரும். பையன் எதுவும் கொடுக்கவில்லை, ஆர்க்பார்ஸும் எதிர்ப்பு காட்டாமல் காலி நேம்ஸ்பேஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, அடுத்த வரியில் நீங்கள் ஃபங்க்கைக் கூப்பிடுகிறீர்கள், அது அங்கே இல்லை. ஆக, விட்டுப்போனது பயனர் கொடுக்க வேண்டிய ஒரு சொல், ஆனால் எரர் பேசுவதோ உங்கள் புரோகிராமின் உள்விவகாரத்தை. பையன் பயப்படாமல் என்ன செய்வான்?

குறைந்தபட்சத் தீர்வு: ஆட்_சப்பார்சர்ஸ் என்று கூப்பிடும் இடத்தில் ரிக்வயர்ட் ட்ரூ என்று போடுங்கள், கூடவே டெஸ்டினேஷன் என்பதன் சுருக்கமான டெஸ்ட் அளவுருவுக்கும் ஒரு பெயர் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். 3.7, 3.8 பதிப்புகளில் ரிக்வயர்டை மட்டும் போட்டு டெஸ்டை விட்டால், எது வரவில்லை என்று செய்தி எழுதப் போகிற இடத்தில் பெயருக்குப் பதில் நன் என்ற வெற்று மதிப்பு கிடைத்து, அந்த எரர் செய்தியை உருவாக்கும் வரியே டைப்எரர் கொடுத்து விழும். பிந்தைய பதிப்புகளில் அதைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனாலும் கடைக் கம்ப்யூட்டரில் எந்தப் பதிப்பு இருக்கும் என்பதை நம்பி எழுதாதீர்கள்.

இத்தோடு நின்றால் வருகிற செய்தி, 'கீழ்க்காணும் ஆர்க்யுமென்ட்கள் தேவை: கமாண்ட்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பையன் பார்த்த அந்த நாலைந்து வரி டிரேஸ்பேக்குக்கு இது எவ்வளவோ தேவலை. ஆனால் கமாண்ட் என்று ஒன்று தேவை என்றால் பையன் அந்தச் சொல்லையே அடித்துப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு! அதனால் நான் சொல்வது, ரிக்வயர்டைக்கூட விட்டுவிடுங்கள், டெஸ்டை மட்டும் கொடுத்து, பார்ஸ் செய்து முடித்தவுடன் அந்த மதிப்பு நன்-ஆக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் இந்த மாதிரி நாலு வரியை, எரர் செய்திகளுக்கென்று உள்ள தனி வழியான ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்பிவிட்டு, 2 என்ற எக்ஸிட் கோடோடு (வேலை எப்படி முடிந்தது என்று புரோகிராம் திருப்பித் தரும் எண்) வெளியே வந்துவிடுங்கள்:

> ஸ்டாக்: என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.
> ஆட், லிஸ்ட், ரிப்போர்ட் இவற்றில் ஒன்றைச் சேர்த்து அடிக்கவும்.
> உதாரணம்: ஸ்டாக் லிஸ்ட்
> முழு விவரத்துக்கு: ஸ்டாக் --ஹெல்ப்

முதல் வரியில் புரோகிராமின் பெயர் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. நாளைக்கு இதை வேறொரு ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து ஓட்டுவீர்கள், அப்போது யார் புலம்புகிறார்கள் என்று தெரிய வேண்டும், க்னூ திட்டத்தின் நிரலெழுதும் நெறிகளும் எரர் வரியைப் புரோகிராமின் பெயரில் தொடங்கத்தான் சொல்கின்றன. ஆனால் இந்த நாலு வரியில் எனக்கு முக்கியமானது மூன்றாவது வரி. அப்படியே பார்த்து அடித்தால் ஓடக்கூடிய, சரக்கு எதையும் மாற்றாத ஒரு கட்டளை அது. தடுமாறி நிற்கிறவருக்கு அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பது அந்த வரிதான்.

கேள்வி: எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? துணைக்கட்டளை இல்லாவிட்டால் ஹெல்ப் முழுவதையும் காட்டிவிட்டால் தீர்ந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லா டூலும் அப்படித்தான்.
— சோழிங்கநல்லூர் வாசகி

பதில்: மூன்று துணைக்கட்டளை உள்ள புரோகிராமுக்கு அது பரவாயில்லை. முப்பது இருந்தால்? பஸ்ஸில் ஊர் பெயர் சொல்லாமல் காசை நீட்டினால் கண்டக்டர் "எங்கே போகணும்?" என்றுதான் கேட்பார், ரூட்டில் உள்ள எல்லா ஸ்டாப்பையும் ஒப்பிக்க மாட்டார். ஹெல்ப்பைக் கொட்டும்போது இரண்டு திரைக்கு ஓடுகிறது, எது விட்டுப்போனது என்ற ஒரே ஒரு தகவல் மட்டும் அதில் எங்கும் இருப்பதில்லை. கேட்டு வாங்கும் ஹெல்ப் வேறு, கேட்காமல் வந்து விழும் ஹெல்ப் வேறு.

ஆனால் நீளம்கூட இரண்டாம் பட்சம்தான். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது எக்ஸிட் கோட். ஹெல்ப்பைக் காட்டிவிட்டு, வேலை வெற்றி என்று பொருள்படும் 0-வைத் திருப்பித் தரும் புரோகிராம்கள் நிறைய இருக்கின்றன. நீங்கள் டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தால் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வீர்கள், சரி. ராத்திரி 2 மணிக்கு, குறித்த நேரத்தில் தானாக வேலைகளைத் தொடங்கும் க்ரான் ஓட்டும்போது யார் பார்ப்பார்கள்?

ஒரு ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம். அதில் துணைக்கட்டளையின் பெயர் ஒரு வேரியபிளில் இருக்கிறது, அந்த வேரியபிள் கான்ஃபிக் ஃபைலிலிருந்து வருகிறது. யாரோ கான்ஃபிக்கைத் திருத்தும்போது அந்த வரி போய்விட்டது. ஷெல்லில் மேற்கோள் குறி போடாத காலி வேரியபிள் அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும் என்பதால், புரோகிராம் துணைக்கட்டளையே இல்லாமல் ஓடுகிறது, ஹெல்ப்பை வழக்கமான விடை வரும் வழியான ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் கொட்டுகிறது. ஸ்கிரிப்ட் அந்த அவுட்புட்டைத்தான் அறிக்கை ஃபைலுக்குத் திருப்பி விட்டிருக்கிறது. எக்ஸிட் கோட் 0, ஆகவே அடுத்த வரியில் உள்ள மெயில் அனுப்பும் கட்டளையும் ஓடுகிறது. காலையில் மேனேஜருக்கு அறிக்கை என்ற பெயரில் ஹெல்ப் போய்ச் சேர்ந்திருக்கும். அறிக்கையாவது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். அதே இடத்தில் பேக்கப் இருந்தால், பேக்கப் நின்றுபோனது யாருக்கும் தெரியாது, டிஸ்க் போகிற நாளில்தான் தெரியவரும்.

ஒரு நல்ல விஷயம், இதைக் கருவி எழுதுகிறவர்களே திருத்திக்கொண்டு வருகிறார்கள். பைத்தானில் பலர் பயன்படுத்தும் கிளிக் நூலகத்தில், துணைக்கட்டளைகளின் தொகுப்பான ஒரு குரூப்பைத் துணைக்கட்டளை இல்லாமல் கூப்பிட்டால் ஹெல்ப் வரும். 8.2 பதிப்புக்கு முன்பு எக்ஸிட் கோட் 0 ஆக இருந்தது, 8.2-ல் 2 ஆக்கிவிட்டார்கள். இது சின்ன மாற்றமாகத் தெரியலாம், பழைய 0-வை நம்பி எழுதிய சோதனை நிரல்கள் (டெஸ்ட்கள்) உடையும் என்று தெரிந்தும் செய்திருக்கிறார்கள், நான் மனதார வரவேற்கிறேன். ரஸ்ட் மொழியில் இதே வேலைக்குப் பயன்படும் கிளாப் நூலகத்தில், துணைக்கட்டளை கட்டாயம் என்ற செட்டிங்கை மட்டும் போட்டால் 'இந்தப் புரோகிராமுக்குத் துணைக்கட்டளை தேவை, ஆனால் கொடுக்கப்படவில்லை' என்று சொல்லி, என்னென்ன இருக்கின்றன என்று ஒரே வரியில் அடுக்கி, 2-ஓடு முடிக்கும். எனக்குத் தெரிந்து இயல்பாகவே கிடைக்கும் செய்திகளில் இதுதான் நேர்த்தியானது.

கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் எப்படி என்று கேட்பீர்கள். வெறும் கிட் என்று அடித்தால் அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை மட்டும், வேலை வாரியாகப் பிரித்துக் காட்டிவிட்டு, 1-ஓடு வெளியேறும். முழுப் பட்டியலையும் கொட்டாமல் தேர்ந்தெடுத்துக் காட்டுவது நல்ல வழி. ஆனால் 'கிட் பண்டில்' என்று மட்டும் அடித்துப் பாருங்கள், அங்கே துணைக்கட்டளை தேவை என்ற எரரோடு 129 வரும். துணைக்கட்டளைகளைப் பொதுவாக ஒரே இடத்தில் பார்ஸ் செய்யும் வசதி 2022-ல் வந்த 2.38-ல்தான் கிட்டுக்குள் சேர்ந்தது, அதற்கு முன் ஒவ்வொரு கட்டளையும் தன் போக்கில் பார்த்துக்கொண்டது. இருபது வருஷமாக வளர்ந்த புரோகிராமில் இப்படி இருக்கத்தான் செய்யும். உங்களுடையது இன்றைக்குத் தொடங்குவது, ஒரே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 2 என்பது பாஷ் ஷெல்லின் உள்கட்டளைகளும் ஆர்க்பார்ஸும் தவறான பயன்பாட்டுக்குத் தரும் எண். பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழியில் வந்த சிஸ்எக்ஸிட்ஸ் என்ற எக்ஸிட் கோட் பட்டியலில் இதற்கு 64. எதுவானாலும் சரி, 0 மட்டும் வேண்டாம்.

கேள்வி: துணைக்கட்டளை கொடுக்காவிட்டால் எரர் காட்டாமல், வழக்கமான வேலையைச் செய்துவிடலாம் அல்லவா? லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் அப்படித்தானே?
— யாழ்ப்பாண வாசகர்

பதில்: ஆமாம், வெறும் சிஸ்டம்சிடிஎல் என்று அடித்தால் லிஸ்ட்-யூனிட்ஸ் என்ற பட்டியல் கட்டளை ஓடும். கிட் பிரான்ச், கிட் ரிமோட் இரண்டும் மொட்டையாக அடித்தால் பட்டியல் தரும். இவை எல்லாம் பார்த்துச் சொல்லும் வேலைகள், எதையும் தொடுவதில்லை, அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கிட் ஸ்டாஷ் மட்டும் வேறு மாதிரி. அது என்ன கட்டளை, என்ன ஆப்ஷன் இருக்கிறது என்று பார்க்க அடிக்கிற புதியவருக்கு, கமிட் செய்யாமல் வைத்திருந்த மாற்றங்கள் எல்லாம் கண்ணெதிரே காணாமல் போகும், ஏனென்றால் அதற்குக் கிட் ஸ்டாஷ் புஷ், அதாவது மாற்றங்களை ஒதுக்கி வை என்று பொருள். ஸ்டாஷ் பாப் அடித்தால் திரும்பி வந்துவிடும், ஆனால் அது தெரியாதவர் அந்த நிமிடத்தில் படும் பாடு நிஜமானது. படிக்கும் வேலை என்றால் இயல்பாக ஓட்டலாம், எழுதும், அழிக்கும், அனுப்பும் வேலை எதையும் பெயர் சொல்லாமல் ஓட்டக் கூடாது.

கேள்வி: துணைக்கட்டளையைத் தப்பாக அடித்தால் 'இதைச் சொல்கிறீர்களா?' என்று கேட்கும் வசதியை எப்படிச் சேர்ப்பது? தானாகவே திருத்தி ஓட்டிவிடலாமா?
— கோவை வாசகி

பதில்: சேர்ப்பது சுலபம். பைத்தானோடு வரும் டிஃப்லிப் நூலகத்தில் கெட்_குளோஸ்_மேட்சஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பயனர் அடித்ததையும் உங்கள் துணைக்கட்டளைப் பட்டியலையும் கொடுத்தால் நெருக்கமானவற்றில் அதிகபட்சம் மூன்றைத் தரும், 0.6-க்குக் குறைந்த ஒற்றுமையை ஒதுக்கிவிடும். பைத்தான் 3.14-ல் ஆர்க்பார்ஸிலேயே சஜஸ்ட்_ஆன்_எரர் என்ற அளவுரு வந்துவிட்டது. கோப்ரா நூலகத்தை வைத்து கோ மொழியில் எழுதுகிறீர்கள் என்றால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அது ஏற்கெனவே யோசனை சொல்லும்.

பின்னால் இருக்கும் கணக்கும் அழகானது. 1964-ல் டமெராவ் என்பவர் எழுத்துப்பிழைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், பிழைகளில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரு எழுத்து கூடுவது, ஒன்று விடுபடுவது, ஒன்று மாறுவது, பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறுவது என்ற நாலு வகைக்குள் அடங்கிவிடுவதாகச் சொன்னார். அடுத்த வருஷம் லெவன்ஸ்டீன், ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை திருத்தம் வேண்டும் என்று அளக்கும் முறையைத் தந்தார். கிட் இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது, ஆனால் எல்லாத் தப்புக்கும் ஒரே எடை போடுவதில்லை. எழுத்து இடம் மாறினால் எடையே கிடையாது, மற்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எடை. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் இன்னும் ஒரு படி மேலே போய், இன்ஸ்டால் என்பதில் எஸ்ஸும் என்னும் இடம் மாறிய வடிவத்தையே மாற்றுப்பெயராக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடித்துப் பாருங்கள், எரரே வராமல் நிறுவும்.

தானாகத் திருத்தி ஓட்டுவது பற்றி: வேண்டாம். கிட்டில் ஹெல்ப்.ஆட்டோகரெக்ட் என்ற அமைப்பு இருக்கிறது, அதில் கொடுக்கும் எண் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. பத்து விநாடி நேரம் இருக்கும் என்று நினைத்து 10 போட்டால் ஒரே விநாடியில் ஓடிவிடும், கை கண்ட்ரோல்-சிக்குப் போவதற்குள் முடிந்துவிடும். அதிலேயே ப்ராம்ப்ட் என்று வைத்தால் கேட்டுவிட்டு ஓட்டும், அது நியாயம். உங்கள் புரோகிராமில் ரிமூவ், ரிநேம் மாதிரி ஒன்றுக்கொன்று நெருங்கிய பெயர்கள் இருந்தால் ஊகித்து ஓட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. யோசனை சொல்லுங்கள், எக்ஸிட் கோடை 2-ஆகவே வையுங்கள், முடிவைப் பயனரிடம் விடுங்கள். அப்புறம் இன்னொன்று, நெருக்கமாக எதுவும் இல்லை என்றால் எதையாவது தேடிப்பிடித்துச் சொல்லாதீர்கள், பட்டியலைக் காட்டுவதே போதும்.

கேள்வி: என்னுடையது பாஷ் ஸ்கிரிப்ட். வந்த சொல்லைப் பொறுத்துக் கிளை பிரிக்கும் கேஸ் வைத்துப் பிரித்திருக்கிறேன். எதுவும் கொடுக்காமல் ஓட்டினால் 'தெரியாத கட்டளை:' என்று வந்து அதற்குப் பின்னால் வெறுமையாக இருக்கிறது. இது போதுமா?
— திருச்சி வாசகர்

பதில்: போதாது. கொடுக்காமல் விட்டதும் தப்பாகக் கொடுத்ததும் இரண்டு வேறு நிலைகள், உங்கள் கேஸில், வேறெதுவும் பொருந்தாதபோது வரும் நட்சத்திரக் கிளை இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொள்கிறது. காலி மேற்கோளுக்குத் தனியாக ஒரு கிளையை நட்சத்திரத்துக்கு மேலே போட்டு, அங்கே 'கட்டளை கொடுக்கவில்லை' என்று எழுதுங்கள். வேரியபிளில் மேற்கோள் குறி போட்டு உங்களைக் கூப்பிடும் ஸ்கிரிப்ட்களிலிருந்து காலிச் சொல் ஒன்று வந்து சேர்ந்தாலும் அதே கிளையில் சரியாக விழும். தெரியாத கட்டளைக்கான கிளையில், வந்ததை மேற்கோள் குறிக்குள் காட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அப்போதுதான் பிடிபடும்.

ஸ்கிரிப்டின் மேலே, மதிப்பில்லாத வேரியபிளை எரராக்கும் செட் மைனஸ் யூ போட்டிருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. கேஸுக்குப் போகும் முன்பே முதல் ஆர்க்யுமென்ட்டான டாலர் 1-க்கு மதிப்பே இல்லை என்று பாஷ் தன் பாஷையில் சொல்லி நிறுத்திவிடும், உங்கள் செய்தி வெளியே வரவே வராது. டாலர் 1-ஐ நெளிவு அடைப்புக்குள் போட்டு 1-க்குப் பின்னால் ஒரு கழித்தல் குறி சேர்த்தால், இல்லாதபோது காலி என்று எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: இந்தச் செய்திகளைத் தமிழிலேயே தரலாமா?
— சேலம் வாசகி

பதில்: தாராளமாகத் தரலாம், கடைப் பையனுக்கு அதுதான் உதவும். துணைக்கட்டளையின் பெயரை மட்டும் எப்படி அடிக்க வேண்டுமோ அப்படியே விட்டுவிடுங்கள். கெட்டெக்ஸ்ட் மாதிரி மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றைப் பயன்படுத்தும்போது வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டாமல் முழு வாக்கியமாக மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும் இடத்தில் தமிழ் சிதைந்துபோகும். அப்புறம், உங்கள் ஸ்கிரிப்ட்கள் செய்தியின் சொற்களைத் தேடிப் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம், எக்ஸிட் கோடை மட்டும் பார்க்கட்டும். அப்போது மொழி மாறினாலும் எதுவும் உடையாது.

கேள்வி: இதையெல்லாம் ஒருமுறை சரிசெய்துவிட்டேன், ஆறு மாதம் கழித்து யாராவது கோடை மாற்றும்போது மறுபடி கெட்டுப்போனால்?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: டெஸ்ட் எழுதி வையுங்கள், இதற்கு எழுதுவது ரொம்பச் சுலபம். பைத்தானிலிருந்து வேறொரு புரோகிராமை ஓட்டும் சப்பிராசஸ் ரன் மூலம் புரோகிராமை நிஜமாகவே ஓட்டிப் பாருங்கள், உள்ளே இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்ப்பது இங்கே போதாது, எக்ஸிட் கோடும் எரர் அவுட்புட்டும் அப்படியே கைக்கு வர வேண்டும். எதுவும் கொடுக்காமல் ஒருமுறை, தப்பான சொல்லோடு ஒருமுறை, காலிச் சொல்லோடு ஒருமுறை. ரிப்போர்ட்டுக்குக் கீழே தினசரி, மாதம் என்று இன்னொரு அடுக்கு இருந்தால் வெறும் ரிப்போர்ட்டையும் ஓட்டுங்கள், பலரும் மறந்துவிடும் இடம் அந்த இரண்டாம் அடுக்குதான், மேலே எரர் சரியாக வரும், கீழே பழைய டிரேஸ்பேக் காத்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றிலும் எக்ஸிட் கோட் 2-ஆ, ஸ்டாண்டர்ட் அவுட்புட் காலியாக இருக்கிறதா, ஸ்டாண்டர்ட் எரரில் துணைக்கட்டளைகளின் பெயர்கள் இருக்கின்றனவா, டிரேஸ்பேக் என்ற சொல் எங்காவது வந்துவிட்டதா என்று பாருங்கள். செய்தியின் முழு வாசகத்தையும் ஒப்பிடாதீர்கள், பைத்தான் பதிப்பு மாறினாலே ஆர்க்பார்ஸின் வாசகம் கொஞ்சம் மாறும், அதற்காக டெஸ்ட் விழக் கூடாது. --ஹெல்ப்புக்கு மட்டும் இதெல்லாம் தலைகீழ்: ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வர வேண்டும், எக்ஸிட் கோட் 0-ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பயனர் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.